கிராணியார் பிழிந்த தேங்காய்ப்பால்

மலாயாவுக்கு விடுதலை வாங்கித் தந்தவர்கள் யார் யார் என்று ஒரு பெரிய பட்டியல் ஊரில் உலவுகிறது. அதில் எங்கள் பெயர் இல்லை. அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. விடுதலையை வாங்குவது என்ன பெரிய காரியம்? வாங்கிய விடுதலையை நன்றாகக் கொதிக்க வைத்து, கிருமி நீக்கி, மூடி போட்டு மக்களுக்குப் பரிமாறுவதல்லவா பெரிய காரியம்! அந்தப் பொறுப்பை மலாக்காவிலேயே துணிந்து ஏற்றுக்கொண்டவர்கள் காஜா பெராங்கைச் சேர்ந்த நாங்கள் நான்கு பேர்தான்.

எங்களுக்குக் 'காஜா பெராங் சுதந்திர விருந்துச் சுகாதாரக் கண்காணிப்புக் குழு' என்று பெயர். குழுவின் பெயரை அச்சடித்தபிறகு தாளில் எழுத இடம் கொஞ்சம்தான் மிஞ்சியது. எங்கள் தீர்மானங்கள் சுருக்கமாக அமைந்ததற்கு அதுவே காரணம்.

தலைவர், கிராணியார் அப்பாசாமி. ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை பெரட்டுக்களத்தில் நின்று தொழிலாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் அவருடையது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. துணைத்தலைவர், ஜவுளிக்கடை தாவூத் பாய். அவரிடம் சங்கிலி போட்ட சுவிட்சர்லாந்துக் கடிகாரம் இருந்ததால் இயல்பாகவே பதவி அவருக்குப் போயிற்று. உறுப்பினர் நடராஜன். யார் எதை முன்மொழிந்தாலும் "வழிமொழிகிறேன்" என்று சொல்வது அவர் பணி. அதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. செயலாளர், கலியாணசுந்தரம் ஆகிய அடியேன். கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டர் வைத்திருப்பவன் எந்தக் குழுவிலும் செயலாளராவதை யாராலும் தடுக்க முடியாது.

விருந்துக்கு முன் ஏழு கூட்டங்கள் நடத்தினோம். "கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதைக் கண்காணிக்கக் கண்ணுக்குத் தெரிகிற குழு வேண்டும்" என்று தலைவர் முதல் கூட்டத்திலேயே விளக்கிவிட்டார். தீர்மானம் எண் ஒன்று, எல்லாரும் கை கழுவ வேண்டும். எண் மூன்று, ஈக்கள் பந்தலுக்குள் வருவது இதன்மூலம் தடை செய்யப்படுகிறது. எண் நான்குதான் எங்கள் குழுவின் சிகரம்: பாயசம் உட்பட எல்லாமே இருபது நிமிடம் கொதிக்க வேண்டும், துணைத்தலைவர் கடிகாரத்துடன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சமையலுக்கு அஞ்சலையை அமர்த்தினோம். கிராணியாரின் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தவள்; புருஷன் இறந்தபிறகு டவுனுக்கு வந்து, பள்ளிக்கூட வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டுக்கடை போட்டு ஆப்பம் விற்றாள். கடை லைசென்சைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். காலையில் ஊதுவத்தி காட்டும்போது இரண்டுக்கும் சேர்த்தே காட்டுவாள். முருகனிடம் எவ்வளவு கிடைத்ததோ தெரியாது. அந்தத் தாள் இருந்ததால்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. அவளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் காப்பாற்றியது அதுதான்.

விடுதலை நாள் காலை எட்டு மணி. கட்டடம் என்றால் ரிப்பன் வெட்டித் திறக்கலாம். விருந்தை எப்படித் திறப்பது? பாயசத்துக்கான தேங்காய்ப்பாலின் முதல் கையைத் தலைவரே பிழிந்து தொடங்கி வைப்பது என்று தீர்மானித்திருந்தோம். போட்டோக்காரரும் வந்துவிட்டார்.

"பாயசம் மத்தியானத்துக்குத்தானேங்கய்யா?" என்றாள் அஞ்சலை. "தேங்காப்பால அந்நேரம் பிழிஞ்சாப் போதும். இப்பவே பிழிஞ்சு வெச்சா இந்த வெயிலுக்கு என்னாவும்?"

"போட்டோக்காரருக்கு ஒம்பது மணிக்கு டவுன் திடல்ல வேலை இருக்கு அஞ்சல" என்றேன் நான்.

"அப்ப பிழியிற மாதிரி நின்னு படம் எடுத்துக்குங்க. நான் அப்பறமாப் பிழிஞ்சுக்கிறேன்."

தலைவர் குறுக்கிட்டார். "பிழியாம பிழியிற மாதிரி நிக்கிறது பொய். சுதந்திரத்தப் பொய்யில ஆரம்பிக்கக் கூடாது."

"வழிமொழிகிறேன்" என்றார் நடராஜன்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல் எழுந்தது. தலைவரின் வலது கட்டைவிரலில் வெள்ளைத்துணிக் கட்டு. சர்க்கரை வியாதிக்காரர், மூன்று நாளாக நகச்சுத்தி. போட்டோக்காரர் கேமராவுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "கட்டு பளிச்சுனு அடிக்குது சார். படத்துல கட்டு மட்டுந்தான் தெரியும், நீங்க தெரிய மாட்டீங்க" என்றார். அப்படிப்பட்ட அநீதியைக் குழு எப்படிப் பொறுக்கும்? செயலாளர் என்ற முறையில் நானே முன்வந்து அந்தக் கட்டை அவிழ்த்தேன். அந்தப் பெருமை எனக்கே உரியது. இன்றுவரை அதில் யாரும் பங்கு கேட்டதில்லை.

விரல் பழுத்து மஞ்சளாக இருந்தது. அஞ்சலை பார்த்துவிட்டாள்.

"ஐயா, வெரலு சீழ் வெச்சிருக்குதே…"

தலைவர் அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். பெரட்டுக்களத்தில் தாமதமாக வந்தவளைப் பார்க்கிற அதே பார்வை. அஞ்சலை தோட்டத்தை விட்டு வந்து ஒன்பது வருடமாகிறது. இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டாள். மலாயாவுக்கு அன்றுதான் விடுதலை. அஞ்சலைக்கு எந்தத் தேதி என்று யாரும் அறிவித்திருக்கவில்லை.

தீர்மானம் எண் ஒன்றை மதித்துத் தலைவர் பன்னீர்ச் செம்பில் விரல் நுனிகளைத் தொட்டுக்கொண்டார். பிறகு தேங்காய்த் துருவலை அள்ளி, மூன்று படத்துக்கு மூன்று கை பிழிந்தார். பால் அவர் கட்டைவிரல் வழியாக வழிந்து பாத்திரத்தில் இறங்கியது. வலியில் அவர் முகம் கோணிப்போயிற்று. படத்தில் அது தேசபக்தியாகப் பதிவானது.

தலைவர் போனதும் அஞ்சலை என் காதுக்கருகே வந்தாள். "இதக் கொட்டிட்டு வேற பிழிஞ்சுரட்டுமாய்யா? யாருக்கும் தெரியாது."

"தலைவர் பிழிஞ்ச பாலக் கொட்டுறதா? இன்னைக்கா? என்னா பேசுற நீ!" என்று அதட்டினேன். "எல்லாம் கொதிச்சா செத்துரும். அதுக்குத்தானே தீர்மானம் நாலு?"

மீதிப் பாலும் அதே பாத்திரத்தில் பிழியப்பட்டது. தகரக் கொட்டகைக்குள் பாத்திரத்தை மூடி வைத்தோம். அதன்பின் கொடியேற்றம் நடந்தது, பேச்சுகள் நடந்தன. பேசியவர்கள் எல்லோரும் "சுருக்கமாக முடிக்கிறேன்" என்று தொடங்கியதால் பிற்பகல் ஒன்றரை ஆகிவிட்டது. அதுவரை தகரம் தன் வேலையைச் செய்தது. பாத்திரத்துக்குள்ளும் யாரோ தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர்கள் எங்களிடம் தீர்மானம் எதுவும் தாக்கல் செய்திருக்கவில்லை.

ஒன்றரை மணிக்குப் பாயசம் கொதிக்கத் தொடங்கியது. தாவூத் பாய் கடிகாரமும் கையுமாக அடுப்புப் பக்கத்தில் வேர்த்து ஒழுக நின்றார்.

"பாய், தேங்காப்பால் விட்டாக் கொதிக்க விடக்கூடாது. பாருங்க, திரிஞ்சிருச்சு" என்றாள் அஞ்சலை.

"எனக்குத் தெரியாதா தங்கச்சி? எங்க வீட்டுலயும் பாயசம் வெக்கிறாங்க. ஆனா தீர்மானம்னு ஒண்ணு இருக்கே! இன்னும் பதினோரு நிமிஷம்."

இருபது நிமிடம் முடிந்ததும், சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது என்று தலைவர் இன்னொரு இருபது நிமிடம் உத்தரவிட்டார். ஆக நாற்பது நிமிடம் கொதித்த பாயசத்தை மக்கள் பருகினார்கள். திப்பி திப்பியாக இருந்தது. இலவசம் என்பதால் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். தலைவர் மட்டும் சர்க்கரை வியாதியை முன்னிட்டுத் தொடவில்லை.

நான்கரை மணிக்கு மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி. கடைசியாக வருபவருக்கே பரிசு. புக்கிட் பாரு, புக்கிட் ரம்பாய் பக்கமிருந்தெல்லாம் வீரர்கள் வந்திருந்தார்கள். நான் விசில் ஊதினேன். ஊதியதுதான் தாமதம், ஒன்பது பேரில் எட்டுப் பேர் மலாக்கா அதுவரை கண்டிராத வேகத்தில் பறந்தார்கள். எல்லைக்கோட்டில்கூட நிற்கவில்லை; நேராக அவரவர் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டார்கள். ஒன்பதாமவர் கிளம்பிய இடத்திலேயே சைக்கிளோடு சாய்ந்து வாந்தி எடுத்தார். விதிகளின்படி பரிசு அவருக்கே வழங்கப்பட்டது.

ஆறு மணிக்குள் எண்பத்து மூன்று பேர் படுத்துவிட்டார்கள். நானும் அவர்களில் ஒருவன். செயலாளர் என்பதால் சலுகை எதுவும் இல்லை. உயிர்ச்சேதம் இல்லை, மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். குழுவிலேயே நலமாக இருந்தவர் தலைவர்தான். சுகாதாரத்துக்கு அவரே சான்று என்று நடராஜன், முன்மொழிய யாரும் இல்லாமலேயே வழிமொழிந்தார்.

ஒரு வாரம் கழித்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் கணேசமூர்த்தி எங்கள் கூட்டத்துக்கு வந்தார். இளைஞர். அன்று மாலையே வந்து பாயசத்திலும், பாத்திரத்தின் அடியில் மிஞ்சியிருந்த பச்சைத் தேங்காய்ப்பாலிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு கையில் இருந்தது.

"பாயசத்துல உயிரோட ஒரு கிருமிகூட இல்ல" என்றார்.

நாங்கள் கைதட்டினோம். தலைவர் எழுந்து நின்று வணங்கினார்.

"கைதட்டாதீங்க சார், நான் இன்னும் முடிக்கல. பச்சைப் பால்ல கோடிக்கணக்குல இருந்திச்சு. சீழ்ப்புண்ணுல இருக்கிற கிருமி அது. கொதிச்சதுல அதெல்லாம் செத்துருச்சு, உண்மைதான். ஆனா உயிரோட இருந்தப்ப ஒரு நஞ்சை வெளிய விட்டிருக்கு. வெயில்ல அஞ்சாறு மணி நேரம் கெடந்தாப் போதும், நெறைய விட்டுரும். அந்த நஞ்சு கொதிக்க வெச்சாலும் போகாது."

"நாப்பது நிமிஷம் கொதிச்சிச்சுங்க!" என்றார் தாவூத் பாய். "கிருமியே செத்துப்போச்சுங்கிறீங்க. அது விட்டது மட்டும் எப்படிச் சாகாம இருக்கும்?"

"அதுக்கு உயிரே இல்லையே பாய். உயிர் இல்லாதது எப்படிச் சாகும்?"

தாவூத் பாய் ஒரு நிமிடம் தாடியைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "வெளங்கிருச்சு! பம்பாய்ல யாவாரி மௌத்தாப் போயிட்டாலும், அவன் முந்தியே பார்சல் கட்டிப் போட்ட சரக்கு கப்பல்ல வந்து எறங்கிரும். அந்த மாதிரி."

"அதே மாதிரிதான் பாய்" என்றார் இன்ஸ்பெக்டர் மகிழ்ச்சியோடு. பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "இப்ப எனக்கு ஒண்ணு தெரியணும். அந்தப் பாலப் பிழிஞ்சவங்கள்ல யாருக்காச்சும் கையில புண்ணு, கட்டி, நகச்சுத்தி இருந்திச்சா?"

நாங்கள் நால்வரும் மின்விசிறியைப் பார்த்தோம். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தலைவரின் வலது கை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் போயிற்று. நடராஜன் வாயைத் திறந்தார். முன்மொழிய ஆள் இல்லாததால் மூடிக்கொண்டார்.

"போட்டோ எடுத்தீங்களாமே, அதைப் பாக்கலாமா?"

"இன்னும் கழுவி வரலீங்க" என்றேன். என் மடியிலிருந்த பைலுக்குள் மூன்று படங்களும் இருந்தன. கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. அந்தப் போட்டோக்காரர் நல்ல தொழில்காரர்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "பால் தொட்ட கைதான் காரணம். யாரோட கைன்னு குழு விசாரிச்சு எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எங்களை நம்பினார். நம்பிக்கைக்குப் பாத்திரமான முகங்கள் எங்களுடையவை.

அவர் போனதும் விசாரணை தொடங்கியது. ஆறு நிமிடத்தில் முடிந்தது.

"கிருமி செத்துப்போச்சு" என்றார் தலைவர். "செத்தவங்க மேல பழி போடுறது நம்ம பண்பாடு இல்ல. உயிரோட இருக்கிற ஆளாப் பாருங்க."

"வழிமொழிகிறேன்."

"பாயசம் சரியாக் கொதிக்கல. அதான் விஷயம். கொதிக்க வெச்சது யாரு? அஞ்சல. பாலத் தொட்டது யாரு? அஞ்சல."

தாவூத் பாய் துள்ளி எழுந்தார். "அண்ணே, நாந்தானே கடியாரம் புடிச்சேன்! நாப்பது நிமிஷம்! சுவிஸ் கடியாரம் அண்ணே இது!"

"அப்படின்னா ரெண்டுல ஒண்ணுதான் பாய். ஒண்ணு உங்க கடியாரம் வேகமா ஓடியிருக்கணும். இல்லாட்டி நீங்க நின்னுக்கிட்டே தூங்கியிருக்கணும். எதை எழுதச் சொல்றீங்க?"

பாய் கடிகாரத்தைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய வாப்பா கொடுத்தது. "கடியாரம்" என்றார் கடைசியில், அதைப் பைக்குள் போட்டபடி. துணைத்தலைவரின் கடிகாரம் வேகமாக ஓடும் இயல்புடையது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

அறிக்கையை நான் டைப் அடித்தேன். நான்கு பிரதிகள். என் கார்பன் தாளின் தரம் அப்படி. நான்காவது பிரதியும் முதல் பிரதிபோலவே இருக்கும். 'பால் தொட்ட கை சமையற்காரி அஞ்சலையுடையது என்றும், கொதித்த நேரம் போதாதது என்றும் இக்குழு ஆழ்ந்த வேதனையுடன் கண்டறிகிறது' என்று எழுதியிருந்தேன். 'ஆழ்ந்த வேதனையுடன்' என்பது என் சொந்தச் சேர்க்கை. நான்கையும் நான்கு பழுப்பு உறையிலிட்டு ஒட்டி அனுப்பினோம். ஒன்று இன்ஸ்பெக்டருக்கு. ஒன்று லைசென்ஸ் ஆபீசுக்கு. ஒன்று பத்திரிகைக்கு. இன்னொன்று, அஞ்சலையின் கடை இருந்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருக்கு.

அதன்பின் குழு, தன் வரலாற்றுப் பணி நிறைவடைந்ததென்று கூறித் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. தலைவருக்கு மாலை போட்டோம். அவர் கட்டைவிரலும் ஆறிவிட்டிருந்தது. மிஞ்சிய குழுத் தாள்களில் நடராஜன் தன் மகளின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டார். குழு இருந்ததற்கான சுவடே இல்லை.

உறைகள் மட்டும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆப்பம் வாங்குவதை நிறுத்தினார்கள். பிறகு பத்திரிகையில் ஒரு மூலையில் அவள் பெயர் வந்தது. இன்ஸ்பெக்டர் சந்தேகப்பட்டு அவள் வீடு தேடிப் போய்க் கையைப் பார்த்து, 'புண் எதுவும் இல்லை' என்று ஒரு குறிப்பு எழுதினார். இருக்கட்டும், அதற்குள் ஆறியிருக்கலாமே என்று லைசென்ஸ் ஆபீசிலிருந்து பதில் வந்ததாம். அக்டோபர் மாதக் கடைசியில் லைசென்ஸ் ரத்தாயிற்று.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சலை என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் லைசென்சை ரத்து செய்த உத்தரவுத் தாள், மடித்தபடி.

"பசியாறிட்டீங்களாய்யா?"

"ஆச்சு" என்றேன். ஆகவில்லை. அவள் கடை மூடியதிலிருந்து எனக்குக் காலையில் காய்ந்த ரொட்டிதான்.

"லைசென்சு ஆபீசுக்குப் போயிருந்தேன். நாங்களா ஒண்ணும் செய்யல, உங்க குழு எழுதுனதத்தான் பாத்தோம்ங்கிறாங்க. அது தப்புன்னு குழு ஒரு காயிதம் குடுத்தா திருப்பித் தர்றாங்களாம்." தாளை நீட்டினாள். "சின்னவள பள்ளிக்கூடத்துலேர்ந்து நிப்பாட்டிட்டேன்யா. ரெண்டு பேரும் என்கூடத் துணி தொவைக்க வர்றாளுவ. லைசென்சுத் தாளு வந்துட்டா பழையபடி ஆயிரும்."

"குழுவக் கலைச்சாச்சே அஞ்சல."

"கலைச்சாச்சுன்னா?"

"முறையாத் தீர்மானம் போட்டுக் கலைச்சோம். இப்ப அது இல்ல."

நீட்டிய தாளை அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இல்லாத குழு எழுதுன காயிதம் மட்டும் எப்படிங்கய்யா இருக்கு?"

இன்ஸ்பெக்டர் சொன்ன விஞ்ஞானம் எனக்கு அப்படியே நினைவிருந்தது. தாவூத் பாயின் கப்பல் பார்சலும் நினைவிருந்தது.

"நீங்க எழுதலாமில்ல?" என்றாள். "கட்ட அவுத்தது நீங்கதானே. நீங்க பாத்தீங்க. நான் கொட்டிரட்டுமான்னு கேட்டதும் உங்ககிட்டதானே."

"நான் தனி ஆளா எழுதுனா செல்லாது அஞ்சல."

செல்லுமா, செல்லாதா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. டைப்ரைட்டர் மேஜைமேல்தான் இருந்தது. பக்கத்தில் தாளும் இருந்தது. மூன்று படங்களும் அதே பைலில்தான் இருந்தன. ஒரு பக்கம்கூட வராது. கீழே என் பெயர் மட்டும் வரும். அந்தப் பெயரைத் தனியாக நினைத்துப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. என்றாலும் பயம்தான் அதிகம்.

அஞ்சலை என் மேஜையைப் பார்த்தாள். டைப்ரைட்டரைப் பார்த்தாள். பிறகு, "கையக் காட்டுங்கய்யா" என்றாள்.

எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை. நீட்டினேன். சுகாதாரப் பணியில் இருப்பவர்கள் அப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் புரட்டி, நகக்கண் வரை பார்த்தாள். டைப் அடிக்கிற விரல்களைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"புண்ணு ஒண்ணுமில்லீங்கய்யா. சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். என் கையை மெதுவாக என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

இந்த முப்பத்திரண்டு வயதுக்குள் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். கை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி ஒருவரும் திட்டியதில்லை.